தோற்கும்வரை மச்சமில்லை

ஜேர்மனியின் ஹம் நகரில் புறப்பட்ட ரயிலில், "இவங்கள் ஒருக்காத் தோத்தால்தான் நான் நண்டு தின்னலாம்" என்று பின்னிருக்கையில் ஒருவர் சொன்னபோதே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. திரும்பிப் பார்த்தேன்: நெற்றியில் திருநீறு, கழுத்தில் எங்களூர் ஐஸ் ஹொக்கி அணியின் சால்வை. பக்கத்தில், கழுத்தில் சிலுவையோடு அவருடைய நண்பர், மன்னார்க்காரர்.

"அப்பிடி என்ன நேர்ந்தனீங்கள், அண்ணை?" என்று கேட்டேன்.

"இவங்கள் தோற்கும்வரை மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் தொடமாட்டன் எண்டு பிள்ளையாரிட்டைச் சொன்னனான். தைப்பொங்கலண்டு கடைசி இடத்தில கிடந்தவங்கள். ஒரு கிழமை தாண்டாது எண்டு நினைச்சன்."

"பிறகு தோக்கவேயில்லை!" என்றார் நண்பர்.

"ஃபைனலுக்கே வந்திட்டாங்கள். கோல் காக்கிறவன் பாஞ்சு பாஞ்சு மறிக்கேக்கை எனக்கு மயிர்க்கூச்செறியும். வீட்டில மீன் பொரிக்கேக்கைதான் அழுகை வரும்."

"ஞாயிற்றுக்கிழமை ஃபைனலோட எல்லாம் முடியுதுதானே?" என்றேன்.

"எங்கை முடியுது? வெண்டால் சீசன் முடிஞ்சிடும். பிறகு ஒக்டோபர் வரையும் தோக்கிறதுக்கு மட்ச்சே இல்லை!"

மன்னார்க்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். "எங்கட தவக்காலத்துக்காவது ஒரு முடிவு இருக்கு. பேசாமல் தோக்கட்டும் எண்டு கும்பிடுங்கோவன்."

"சீ, வாயைக் கழுவடாப்பா! கிண்ணம் எங்களுக்குத்தான்."

"அப்ப ஐயரிட்டைச் சொல்லி நேர்த்தியை மாத்துங்கோ."

"கேட்டனான். சொன்னது சொன்னதுதானாம். அதுதான் சனிக்கிழமை உன்னோட, நீங்கள் யாத்திரை போற கேவலார் மாதா கோயிலுக்கு வாறன். கிண்ணத்தைப் பிள்ளையார் பாக்கட்டும். நண்டை மாதாவிட்டைக் கேட்டுப் பாப்பம்."