வெள்ளிக்கிழமை ட்ரெயினிங்

இல்ல தம்பி, எங்கயும் போகல, உள்ளதான் இருக்காரு. நீங்க மொதல்ல உக்காருங்க. தொம்மலூர்லேர்ந்து இங்க வர முக்கா மணி நேரமா? மழை பேஞ்சா இந்த ஆஸ்டின் டவுன் ரோடு ஒரே பேஜாருதான். அட்ரஸ் அவரே எப்பவோ குடுத்திருந்தாராமே. நல்லது.

பரத்துன்னா நான் ஏதோ நாப்பது வயசு ஆளுன்னு நெனச்சிட்டேன். இவ்ளோ சின்னப் பிள்ளையா! மெசேஜ்ல தாஸ் சார், தாஸ் சார்னு அவ்ளோ மரியாதையா எழுதுவீங்களே. நான் அவரு சம்சாரம், ஆரோக்கியமேரி. காபியக் குடிங்க, ஆறிடும்.

கோலார் தங்க வயல்ல மைன்ல இருந்தப்போ கிளப் டீமுக்கு நெஜமாவே பாஸ்கெட்பால் ஆடினவரு, தெரியுமில்ல? மைன் மூடின பொறவு இங்க வந்து ஒரு குடோன்ல சூப்பர்வைசர். ரிட்டயர் ஆனதும் வீட்ல சும்மா உக்கார முடியல அந்த மனுசனால. எங்க பொண்ணு யாமினிதான் போன்ல இந்த கேமைப் போட்டுக் குடுத்தா. ஏதோ பந்து போடற ஆட்டம்னு எட்டிப் பாத்தேன். பந்தே இல்ல, வெறும் பேரும் நம்பரும். டீமை நடத்தறதாம்! அந்த கேம்லதானே நீங்க ரெண்டு பேரும் பழக்கம்.

உங்களுக்குத் தெரியாததா. வாரத்துக்கு ஒரே ஒரு வித்தைதான் சொல்லிக்குடுக்க முடியும், அதுவும் அந்த எடத்துல முழு மேட்சும் நின்னு ஆடினவனுக்குத்தான் ஏறும். சின்ன வயசுன்னா சீக்கிரமா ஏறும். சரிதானே? இவரு என்ன பண்ணாரு, பத்தொம்பது வயசு நெட்டப் பையன், கூடைக்குக் கீழ நிக்கவேண்டியவன், அவனப் போயி தூரத்துல நின்னு பந்தைக் கடத்திக் குடுக்கற கார்டா நிக்க வெச்சாரு. பாஸிங் கத்துக்கணுமாம். வாராவாரம் தோல்வி. ஏங்க தெரிஞ்சே தோக்கறீங்கன்னு கேட்டா, இப்போ தோத்தா பரவால்ல மேரி, இருபத்தஞ்சு வயசுல இவன யாராலும் நிறுத்த முடியாதும்பாரு. வெள்ளிக்கிழமை ட்ரெயினிங் ரிசல்ட் வந்ததும், ஏறிச்சான்னு பாத்துட்டு மொதல்ல உங்களுக்குத்தான் எழுதுவாரு. எங்கிட்டச் சொல்றதெல்லாம் அப்புறம்தான்.

ஆமா, அதுக்குத்தானே வந்தீங்க. எட்டு மாசமா மெசேஜ் ஒரு மாதிரி இருக்கு, எல்லாம் தெரிஞ்ச மனுசன் பாஸிங்குக்கு எவன எங்க நிறுத்தறதுன்னு உங்ககிட்டக் கேக்கறாரேன்னு. அது அவரு இல்ல தம்பி. நான்தான் எழுதினேன்.

கோவிச்சுக்காதீங்க. போன வருசம் ஜூலைல, சர்ச்சுக்குப் போனவரு வீட்டுக்கு வழி தெரியாம மார்க்கெட் பக்கம் நின்னிட்டிருந்தாரு. ஒரு ஆட்டோக்காரருதான் கூட்டிட்டு வந்தாரு. டாக்டரு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. போன ஞாபகம் திரும்பி வராதும்மா, மிச்சமும் மெதுவாப் போகும்னாரு. மெதுவா எங்க போச்சு? ஆறு மாசத்துல யாமினியப் பாத்து, நர்ஸம்மா எப்ப வந்தீங்கன்னு கேக்கறாரு. அவ பாத்ரூம்ல போயி குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதா.

அப்புறம் என்னை. நாப்பத்தோரு வருசம் தம்பி. சோத்துத் தட்டோட போனா, யாரு நீ, வெளிய போங்கறாரு. மாத்திரையத் துப்பறாரு. ரெண்டு நாளு பச்சத் தண்ணி கூட எங்கையால வாங்கல. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க? ஜெபம் பண்ணேன், கத்தினேன், கல்யாண போட்டோவ மூஞ்சிக்கு நேரா காமிச்சேன். பொண்ணு நல்லா இருக்குங்கறாரு!

மூணாவது நாள் வெள்ளிக்கிழமை. என்ன பேசறதுன்னே தெரியாம வாய்க்கு வந்தத சொன்னேன், அந்த நெட்டப் பையனுக்குப் பாஸிங் ஏறிச்சாமேன்னு. அப்படியே நிமிந்து பாத்தாரு. பரத்தா நீன்னு கேட்டாரு. நான் என்ன சொல்ல? ஆமான்னேன். வாப்பா, உக்காருன்னு தட்டை வாங்கிட்டாரு. முழுசாச் சாப்பிட்டாரு.

அன்னிலேர்ந்து அவருக்கு நான் பரத்துதான். பொடவை கட்டியிருக்கேன், கொண்டை போட்டிருக்கேன், அதெல்லாம் அவரு கண்ணுக்கே தெரியல. ஒவ்வொரு வேளையும் கேள்வி. எத்தனை நிமிசம் ஆடினான், அடுத்த வாரம் என்ன ட்ரெயினிங் போட்ட, டீம்ல வயசான அந்த ரெண்டு பேர வெச்சுக்கிட்டு என்ன பிரயோசனம்னு. எனக்கு என்ன தெரியும்? அதான் அவரு பேருல உங்களக் கேட்டுக் கேட்டு, நீங்க எழுதினத அடுப்படியில நின்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போயி சொல்லுவேன். தப்பாச் சொன்னா மூஞ்சத் திருப்பிக்குவாரு. அந்த வேளை சோறு எறங்காது.

ஐயோ, எந்திரிக்காதீங்க, பாக்காமப் போகக் கூடாது. கண்ணத் தொடைச்சுக்கங்க. நீங்க பக்கத்துல உக்காந்து ட்ரெயினிங் பத்திப் பேசினா அவருக்கு அவ்ளோ சந்தோசமா இருக்கும். எனக்குத்தான் பாதி விசயம் வாய்ல வரமாட்டேங்குது.

வாங்க, இந்த ரூம்தான். ஒண்ணே ஒண்ணு தம்பி. யாருப்பா நீன்னு கேப்பாரு. க்ளென்னுன்னு சொல்லுங்க, வின்சென்ட்டுன்னு சொல்லுங்க, என்ன வேணா சொல்லுங்க. உங்க பேர மட்டும் சொல்லிடாதீங்க. மதியச் சோறு இன்னும் குடுக்கல நான்.