பேனல் கழுவின தண்ணி

அந்த மூணாவது படியில கால வைக்காதீங்க சார், அது ஆடும். ஓரமா வைங்க. ஆங், அப்படித்தான். நான் தினமும் வாளியோட ஏறி இறங்குன ஏணி இது, கண்ண மூடிக்கிட்டே ஏறிடுவேன். உங்களுக்குப் பழக்கம் இருக்காது.

இதான் சார் சோலார் பேனல். மொத்தம் பன்னெண்டு. கீழருந்து பாத்தா இப்பக்கூட பளபளன்னுதான் தெரியும். அந்தப் பளபளப்புலதான் நான் ஏமாந்தேன், அத வரிசையா சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். கீழ நர்ஸம்மா உங்ககிட்ட சொன்னாங்கல்ல, தினமும் கழுவச் சொன்னது நான்தான், தப்பு என்னோடதுன்னு. அத எழுதிட்டீங்களா? எழுதிட்டீங்களா. சரி, பேனாவ மூடாதீங்க சார். அத அடிக்க வேண்டி வரும்.

என் வேலையா? ஆர்டர்ல வார்டு உதவியாளர்னு போட்டிருக்கு. ஆனா இந்த ஆஸ்பத்திரியில மொத்தமே மூணு பேரு. வாரத்துக்கு ரெண்டு நாள் வர்ற டாக்டர், நர்ஸம்மா, நான். அதனால கூட்டுறது, துடைக்கிறது, ஸ்ட்ரெச்சர் தூக்குறது, உள்ள வந்த பாம்ப விரட்டுறது எல்லாம் நம்ம தலையிலதான். இருபத்திரெண்டு வருஷம் ஓடிப்போச்சு.

சோலார் வர்றதுக்கு முன்னாடி இங்க எப்படி இருந்துச்சுன்னு உங்க ஃபைல்ல இருக்காது. கரண்டு வந்தா வந்துச்சு, போனா போச்சு. பிரசவத்துக்கு டார்ச் பிடிக்கிறதே நான்தான், மூஞ்ச அந்தப் பக்கமா திருப்பிக்கிட்டு. நர்ஸம்மா திட்டுவாங்க, அண்ணே, செவுத்துக்கா பிரசவம் பாக்குறோம், வெளிச்சத்த இங்க காட்டுங்கன்னு. தடுப்பூசி மருந்து கெட்டுப்போச்சுன்னு இந்தப் பின்பக்கம் எத்தனை தடவை குழி தோண்டிப் புதைச்சிருக்கேன் தெரியுமா? மூச்சுத் திணறலோட ஒருத்தர் வந்தா எங்ககிட்ட ஒரே வைத்தியம்தான், டவுனுக்குக் கொண்டு போங்க. டவுன் ரெண்டு மணி நேரம் சார்.

அப்புறம் இது வந்துச்சு. பிரசவ ரூம்ல நிழலே விழாத வெளிச்சம், மருந்துக்கு ஃப்ரிட்ஜ், எல்லாத்துக்கும் மேல அந்த ஆக்சிஜன் மிஷின். காத்துலருந்தே ஆக்சிஜனப் பிரிச்சு மூக்குக் குழாய்ல குடுக்கும். சிலிண்டருக்கு யார் கைய கால பிடிக்கணும்னு இல்ல. சூரியன் இருந்தா போதும். மாட்டிட்டுப் போன மெக்கானிக் நல்ல மனுஷன், பேட்டரி ரூம் கதவுக்குப் பின்னாடி ஒரு பேப்பர் ஒட்டிட்டுப் போனாரு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கழுவணும், காலையில வெயிலேறுறதுக்குள்ள கழுவணும், மழைத்தண்ணி இல்லன்னா நல்ல தண்ணி. போர் தண்ணி கூடாதுன்னு அதுக்கு அடியில கோடு வேற போட்டிருந்தாரு. படிக்கத் தெரியும் சார் எனக்கு. தெரியலன்னு சொல்லித் தப்பிக்க வழியில்ல.

ஒன்றரை வருஷம் அப்படியேதான் பண்ணேன். டிரம்ல பிடிச்சு வச்ச மழைத்தண்ணி, பழைய வேட்டித் துணி. அதுக்கப்புறம்தான் ரெண்டாம் கட்டில் வந்துச்சு.

ஆமா சார், அந்தம்மாதான், இறந்தவங்க. இங்க யாரையும் பேரு சொல்லிக் கூப்பிடுறதில்ல, கட்டில் நம்பர்தான். சொந்தம் பந்தம்னு பாத்தா ஊசி போடுற கை நடுங்கும்னு நர்ஸம்மா சொல்வாங்க. பஞ்சு மில்லுல பதினெட்டு வருஷம் வேலை, நெஞ்சு பூரா பஞ்சு. நாலு அடி நடந்தா உதடு நீலமாயிடும். மிஷின் போட்டா நல்லாருப்பாங்க, எடுத்தா திணறும். மூணு நாளைக்கு மேல யாரையும் வச்சுக்கக் கூடாதுன்னுதான் சட்டம். நர்ஸம்மா நாப்பத்தாறு நாள் வச்சுக்கிட்டாங்க. நோட்ல மூணு நாளைக்கு ஒரு தடவை டிஸ்சார்ஜ்னு எழுதி, மறுபடி அட்மிஷன்னு எழுதுவாங்க. அதுவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அத வேணா தப்புன்னு எழுதிக்குங்க.

அந்த மிஷின் ஓடணும்னா இந்தப் பேனல் நல்லா இருக்கணும். என் புத்தி அங்கதான் போச்சு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கழுவினாலே இப்படி வேலை செய்யுதே, தினமும் கழுவினா? தினமும் ஆரம்பிச்சேன். விடியும்போதே மேல. டிரம்ல இருந்த மழைத்தண்ணி ஒரு வாரத்துல காலி. நல்ல தண்ணி லாரியில வாரத்துக்கு ஒரு டிரம்தான் வரும், அது நோயாளிங்க குடிக்கவும் பிரசவ ரூமுக்குமே பத்தாது. அதுல கை வைக்க மனசு வரல. பக்கத்துலயே போர் பம்பு. தண்ணி தண்ணிதானேன்னு ரெண்டு வாளி தூக்கிட்டு ஏறினேன்.

ரெண்டாம் கட்டிலுக்கு இது பெரிய கேலி. பேனலுக்கு தினமும் குளியல், இவருக்கு மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருக்கான்னு நர்ஸம்மாகிட்ட சொல்லிச் சிரிப்பா... சிரிப்பாங்க. சிரிச்சா இருமல் வந்துடும். நர்ஸம்மா எங்க ரெண்டு பேரையும் சேத்துத் திட்டுவாங்க.

பத்து நாள்ல பேனல் மேல லேசா வெள்ளையா ஒரு படலம். எனக்கு என்ன தோணுச்சு? ரோட்டுல கல்லு லாரி போகுதுல்ல, அந்தத் தூசின்னு நினைச்சேன். இன்னும் ரெண்டு வாளி ஊத்தினேன். மறுநாள் இன்னும் வெள்ளை. இன்னும் ரெண்டு வாளி. இப்படியே சார். எதால அழுக்காச்சோ அதையே ஊத்தி ஊத்திக் கழுவியிருக்கேன். கீழருந்து பாத்தா வெயில்ல மின்னும், எனக்குப் பெருமை வேற.

அன்னிக்கு எத்தனை யூனிட் கரண்டு வந்துச்சுன்னு பேட்டரி ரூம் பெட்டியில நம்பர் வரும், நர்ஸம்மா தினமும் அத எழுதுவாங்க. பதினாலு இருந்தது பன்னெண்டாச்சு, பத்தாச்சு, எட்டாச்சு. உங்க ஆபீஸுக்கு ரெண்டு லெட்டர் போட்டாங்க. மாசக் கடைசியில ஆள் வரும்னு பதில் வந்துச்சு. உங்களச் சொல்லல சார், நீங்க இப்பதான் வர்றீங்க. ஆனா அந்த லெட்டர் நகல் ரெண்டும் அவங்க மேஜையில இருக்கு, அதையும் சேத்துக்குங்க.

ரெண்டாம் கட்டிலோட கடைசி மூணு நாளும் மேகமூட்டம். காத்துல லைன் அறுந்து ஊர்க் கரண்டும் இல்ல. போன வருஷம் இதே மாதிரி அஞ்சு நாள் வெயிலே இல்லாம பேட்டரி தாங்குச்சு சார். இந்தத் தடவை மூணாம் நாள் மத்தியானமே செவப்பு லைட்டு எரிய ஆரம்பிச்சிடுச்சு. நர்ஸம்மா ஒண்ணொண்ணா நிறுத்தினாங்க. ஃபேன், லைட்டு, கடைசியா ஃப்ரிட்ஜையும் நிறுத்தி மருந்த ஐஸ் பெட்டியில போட்டாங்க. எல்லாத்தையும் மிஷினுக்கே விட்டாங்க. இருந்த ஒரே சிலிண்டர் ஒரு மணி நேரம் வந்துச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வழியில மரம் விழுந்து கிடந்துச்சு. நாலே முக்காலுக்கு மிஷின் நின்னுபோச்சு. அஞ்சரை வரைக்கும் நர்ஸம்மா மூச்சுக் குடுக்குற பையக் கையால அமுக்கிக்கிட்டே இருந்தாங்க, போதும்னு நான்தான் அவங்க கையப் பிடிச்சேன். இவங்களப் போயி கவனக்குறைவுன்னு வீட்டுக்கு அனுப்பி, இன்னிக்கு விசாரணைக்குன்னு கூப்பிட்டு வெளிய பெஞ்சுல உக்கார வச்சிருக்கீங்க.

எனக்கு எப்பத் தெரிஞ்சுதா? எட்டு நாள் கழிச்சு. பழக்கத்துல மறுபடி வாளியோட ஏறிட்டேன் சார். காயட்டும்னு உக்காந்திருந்தப்ப நகத்தால சும்மா கீறினேன். பொருபொருன்னு வந்துச்சு. நாக்குல வச்சேன், உப்பு. அந்தப் பேப்பர்ல போட்டிருந்த கோடு அப்பத்தான் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு. ஏணியில எப்படி இறங்கினேன்னு தெரியல, நேரா நர்ஸம்மா வீட்டுக்குப் போயி சொன்னேன். அவங்க அதிர்ச்சியாகல சார். ஏண்ணே மறுபடி மேல ஏறினீங்கன்னு அழுதாங்க. அந்தம்மா போனதுக்கப்புறம் அவங்களே மேல ஏறிப் பாத்திருக்காங்க, எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. இது உங்க காதுக்கு வரவே கூடாதுன்னு நினைச்சேண்ணே, யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லிடுங்க, நான் பாத்துக்கிறேன்னாங்க. என்னத்தப் பாத்துப்பாங்க? அவங்களுக்கு இன்னும் இருபது வருஷ சர்வீஸ் இருக்கு. ரெண்டு சின்னப் பிள்ளைங்க.

அதனால அத அடிங்க. வார்டு உதவியாளர், தானாவே, யாரும் சொல்லாம, போர் தண்ணியில தினமும் கழுவினார்னு எழுதுங்க. எழுதினத எனக்குப் படிச்சும் காட்டுங்க. இன்னொண்ணு, புதுசா வர்ற ஆளுக்குத் தண்ணிக்கு ஒரு தனி டிரம் வேணும்னும் போடுங்க சார், குடிக்கிற தண்ணியில பங்கு கேக்குற நிலைமை அவனுக்கு வரக்கூடாது.

வேற என்ன கேள்வி பாக்கி? குடும்பத்துலருந்து புகார் இருக்கான்னா? இல்லன்னு போட்டுக்குங்க. எனக்கு எப்படித் தெரியுமா? பிள்ளை குட்டி கிடையாது சார் அவளுக்கு. புருஷன் ஒருத்தன்தான். கூப்பிட்டு விசாரிக்கணுமா? அதெல்லாம் வேண்டாம் சார், நான்தான் அது. முப்பத்தோரு வருஷம் ஆச்சு கல்யாணமாகி. கையெழுத்து எங்க போடணும், இங்கயா?