ஆத்தாவின் பீங்கான் பல்

பிறர் பேச்சைக் கேட்டு எழுதுவது பாவமோ என்று பல வருஷம் தயங்கினேன்.

அறந்தாங்கி பஸ்ஸில், பல் போனதால் கஞ்சியே குடித்து மெலிந்த ஒரு தாய் எனக்கு முன்னால் இருந்தாள். பக்கத்தில் இருந்த மகன் அன்று டவுனில் கட்டி வாங்கித் தந்த பல்செட்டை முந்தானையில் முடிந்திருந்தாள்.

“செத்தவுக பல்ல வச்சுக்கிட்டு எப்படிப்பா சிவன் பேரச் சொல்லுவேன்?”

“யாரு ஆத்தா சொன்னா?”

“ஒங்க சின்னம்மாதான்.”

“அவுக கெடக்காக. இது பீங்கான், நம்ம ஊறுகா ஜாடி மாதிரி.”

“எலும்பு இல்லையே?”

“சாமி சத்தியமா இல்ல.”

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

முடிச்சை அவிழ்த்துப் பல்லை மாட்டி, “சிவசிவ” என்றாள். பிறகு மகன் கையிலிருந்த பொட்டலத்தைக் காட்டி, “அந்த வடைய இங்கிட்டுக் குடு.”

மகன் பெருமூச்சு விட்டான், நானும்தான்.

உங்கள் வீட்டிலும் யாராவது பல்செட்டுக்குப் பயந்து கஞ்சி குடிக்கலாம். இதை ஒரு சொல்லும் மாற்றாமல் அவர்களிடம் சொல்லுங்கள்.