ராதோயின் கண்ணும் எனக்கு வந்த கோதுமையும்

இல்லை வெல்கோ, இல்லவே இல்லை! அறுத்த கண்புரை திரும்ப முளைக்காது. முளைக்க அது என்ன உன் தோட்டத்துக் கோரையா? மதுக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டாந்தடவை தொட்டா கண்ணே போயிரும்"னு ஊரைக் கலக்கினாயே, பதில் கேட்கிற நேரத்தில் மட்டும் எங்கே போனாய்?

மன்னிக்க வேண்டும். வராதவனுக்கு முதல் மரியாதை போய்விட்டது. மீசையாலேயே இம்மன்றத்துக்கு நிழல் தரும் மேயர் அவர்களே! என்னைவிட மூத்தவர் எவரேனும் மிச்சமிருந்தால், பெரியோர்களே! பேச்சு முடியுமா, பூசணிச் சுருள் ரொட்டி வருமா என்று காத்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கைகட்டி முறைக்கும் என் நண்பன் ராதோயே! வணக்கம்.

போன வருடம் ராதோய்க்குக் கண்புரை அறுவை. பார்வை பளிச்சென்றது. மனைவி ஸ்தோயங்காவின் மூக்கு மச்சத்தைப் புதிதாகக் கண்டுபிடித்தார். இப்போது மறுபடி மங்கல். மருத்துவர் அம்மா என்ன சொன்னார்? லேசர் செய்துகொள் என்றார். வெல்கோ என்ன சொன்னான்? போகாதே என்றான். யாரை நம்பினார்? ரகியா சாராயம் ஊற்றிக் கொடுத்தவனை!

விளைவைக் கேளுங்கள். யாராவது இறந்தால் படம் போட்ட தாளை மரத்தில் ஒட்டுவது நம் வழக்கம். பஸ் நிற்கும் இடத்து வாதுமை மரத்தில் என்னைப் போலவே ஒரு மீசைக்காரர் படம். பார்த்தார் ராதோய், பதறினார், துடித்தார். மறுநாள் மெழுகுவர்த்தியும் செத்தவர்க்குப் படைக்கும் அவித்த கோதுமையுமாக என் வாசலில் அழுதுகொண்டு நின்றார். கதவைத் திறந்து "யாரது?" என்றது நான்.

"நீ செத்துட்டியேடா மின்ச்சோ."

"இன்னும் இல்ல. சர்க்கரை போட்டிருக்கியா?"

"உனக்குப் பிடிக்குமேன்னு கூடவே போட்டேன்."

அது இரங்கல் தாளே அல்ல, தேர்தல் சுவரொட்டி. மேயர் அவர்களே, அது தங்கள் திருமுகம்! கோபம் வேண்டாம். தங்கள் படத்தைப் பார்த்து மனதார அழுத ஒரே வாக்காளர் அவர்தான். யாரது அங்கே, "நானும்தான் அழுதேன்" என்பது? உட்காருங்கள் ஐயா.

சிரித்துக்கொண்டே தின்றேன். பாதியில் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். எதிரே நின்றும் என் குரலைக் கேட்ட பிறகுதானே என்னை அறிந்தார்? நாளை நான் நிஜமாகவே போனால், யாருக்காக அழுகிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

புரை வேறு, படலம் வேறு. அறுவையில் உள்ளே வைத்த செயற்கை வில்லை பழுதில்லை; அதன் பின்னே இருக்கும் நம் சொந்தச் சவ்வுதான் மங்குகிறது. கத்தி உண்டா? இல்லை. கட்டு உண்டா? இல்லை. தாடையைத் தாங்கியில் வைத்தால், ஒளியாலே ஒரு சின்ன ஜன்னல் திறக்கிறார்கள். எனக்கும் செய்தார்கள். அத்தனை நேரம் பேசாமல் இருந்ததுதான் வலி! பிறகு கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாய்ப் பறந்தாலோ, வெல்கோவிடம் போகாதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள்.

அதோ, மருத்துவமனை வேன் ஹாரன் அடிக்கிறது. ராதோய், உனக்கும் அதில் இடம் இருக்கிறது. கண் என்பது என்ன? கண் என்பது... இரு, எங்கே எழுந்துவிட்டாய்? முடிக்கவில்லையே!

"வண்டி போயிரும்டா. நீ முடிக்கிறதுக்குள்ள இன்னொரு கண்ணும் மங்கிரும்."

போகிறார், தொப்பியைக்கூட மறந்து போகிறார்! ஸ்தோயங்கா, தொப்பியோடு நீயும் ஏறிக்கொள். திரும்பி வரும்போது கண் கூசும், கைபிடிக்க ஆள் வேண்டும்.

அவர் வந்து இறங்கும்போது வாசலில் நிற்பேன், மீசையை மழித்துக்கொண்டு, வாயே திறக்காமல். கண்டுபிடிக்கட்டும், பார்ப்போம்.

பொறுத்துக்கொண்ட மேயருக்கும் தாய்மார்களுக்கும் நன்றி, வணக்கம். யாராவது அந்த ரொட்டியைக் கொண்டுவாருங்கள்.