தலை மாற்றிய போஸ்டர்

"ஹலோ… ஹலோ… ஆமா, நான்தான்… ஆமா ஆமா, அந்தப் பொண்ணோட அம்மாதான் பேசறேன்… ஒரு நிமிஷம் இருங்க தம்பி, இங்க மெஷின் கத்துது… அண்ணே, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க, பல்லு எங்கேயும் ஓடிப்போயிடாது… ம், இப்ப சொல்லுங்க."

பொய்ப்பல் கட்டும் பட்டறை அது. மேசை முழுக்க ஊராருடைய தாடைகள், வெள்ளை அச்சில், வாயைப் பிளந்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன. தெருவில் அவளைப் பல்லக்கா என்றால்தான் தெரியும். அவளுடைய மகள் நடித்த சூப்பர் ஹீரோ படம் வெள்ளிக்கிழமை உலகம் பூராவும் வெளியாகிறது. போனில் இருந்தவன் அந்தப் படத்துக்கு விளம்பரம் செய்கிற பையன். அவன் கூப்பிட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவள் காலையிலிருந்து காத்திருந்தாள். ஆனால் பெண்ணின் பிழைப்பு அவர்கள் கையில் இருக்கிறதே என்று முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள்.

"வீடியோவா?… என்னையா?… எதுக்கு?… ம்… ம்… பெருமைப்படற அம்மாவா… பெருமை இருக்கு தம்பி, இல்லாம என்ன… எங்க வச்சு எடுப்பீங்க? இங்க பட்டறையிலயா?… சமையல்கட்டுலயா! எங்க வீட்டுல சமைக்கறது அவ அப்பா. நான் வச்சா நாய்கூடத் திரும்பிப் பார்க்காது… யாருக்கும் தெரியாதா? எனக்குத் தெரியுமே… கையில கரண்டி வேறயா… பூப்போட்ட துணி உடுத்தணுமா… நான் இந்த நீல அங்கியிலதான் இருப்பேன்… நம்ம தமிழ் ஜனங்க மாதிரி தெரியாதா? அப்போ இத்தனை நாளா நான் யாரு மாதிரி தெரியறேன்?"

எதிர் மேசையில் பொய்ப்பல்லை மெஷினில் ராவி மெருகேற்றுகிற அண்ணன் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் முறைத்த முறைப்பில் கர்சீப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

"நான் என்ன சொல்லணும்?… படிங்க, கேக்கறேன்… 'எங்க ஜனத்துக்கும் கடைசியா ஒரு காவல் தெய்வம் கிடைச்சிடுச்சு'… ம்… யாரு எழுதினது?… எட்டுப் பேரா! எட்டுப் பேரு உக்காந்து, டீ குடிச்சு, இதையா எழுதினீங்க?… இல்ல இல்ல, நல்லா இருக்கு, நல்லா இருக்கு. என் பொண்ணு நாலாங்கிளாஸ் படிக்கறப்ப இதைவிட நல்லா எழுதுவா."

பேச்சு மரியாதைத் தடத்தை விட்டு இறங்கிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. இறங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். ஆன்ட்டி ஆன்ட்டின்னு குழையறதை நிறுத்திட்டுப் பதில் சொல்லுங்க. எங்க தெருமுனைப் போஸ்டர்ல என் பொண்ணு முன்னாடி நிக்கறா. முகமூடிக்காரரு அவ பின்னாடி நிக்கறாரு… ஆமா, நல்லாத்தான் இருக்கு, யாரு இல்லைன்னா? தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு. ஆனா காலையில ஒரு பல்செட்டைக் குடுக்க ஆத்துக்கு அந்தப் பக்கம் போனேன். அங்க பஸ் ஸ்டாப்புல அதே போஸ்டர். அதே வானம், அதே புகை, அதே முகமூடி. என் பொண்ணு நின்ன எடத்துல வேற ஒருத்தி… ஆமா… ஆமா, அந்தப் பக்கத்து ஜனங்க சாயல்ல… ஏரியாவுக்கு ஏத்த மாதிரியா. சரி. தலையை மாத்தினீங்களே தம்பி, கையை ஏன் மாத்தல?"

காலையில் அந்த பஸ் ஸ்டாப்பில் அவள் கண்ணில் பட்டது மகளுடைய கைதான்: வலது மணிக்கட்டுக்கு மேலே, வெற்றிலைக் காம்பு அளவுக்கு, ஒரு பழைய தீக்காயத் தழும்பு. அந்தக் கை யாரோ ஒருத்தியின் சிரிக்கிற முகத்துக்குக் கீழே, வானத்தைக் குத்துகிற மாதிரி உயர்ந்திருந்தது. பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் போனது. அவள் அசையவில்லை. பெற்றவளுக்கு அதைவிட அவமானம் இருக்க முடியாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"எப்படித் தெரியுமாவா? அந்தத் தழும்பு இதே பட்டறையில வந்தது. தவழ்ந்து வந்து மெழுகு உருக்கற விளக்குல கையை வச்சுட்டா. மருந்து போட்டவ நான். உங்க கம்ப்யூட்டருக்கு வேணா தெரியாம இருக்கலாம்… சின்னத் தப்பா… உடனே சரிபண்ணிடுவீங்களா? எதை?… தழும்பை அழிச்சுடுவீங்களா! அடப்பாவி… ஊருக்குள்ள இப்படி எத்தனை தலை ஒட்டி வச்சிருக்கீங்க?… ம்… காலேஜ் பக்கம் ஒருத்தன்… ம்… வயசானவங்க இருக்கற பக்கம் நாய்க்குட்டியா? படத்துல நாய் வருதா?… வரலையா!… தம்பி, ஒவ்வொரு வாய்க்கும் ஏத்த நிறம் பார்த்துத்தான் நானும் பல்லு வைக்கறேன். ஆனா நான் வச்ச பல்லால கடிக்கலாம். உங்களது போட்டோவுக்குச் சிரிக்கற பல்லு."

அண்ணன் இப்போது சிரிக்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, படத்துல என் பொண்ணு என்னதான் பண்றா?… ரகசியமா. அவளும் அதையேதான் சொல்றா, வாயைத் திறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கீங்களாமே… ம்… அவ விழற சீன்ல தியேட்டரே அழுமா… எங்க விழறா?… விழுந்துட்டு எழுந்திருக்கறால்ல?… தம்பி… மென்னு முழுங்காம சொல்லுங்க… செத்துப்போறாளா… எப்போ?… இடைவேளைக்கு முன்னாடியேவா!"

கையிலிருந்த மேல்தாடையை அவள் மெதுவாக மேசையில் வைத்தாள். அது அடுத்தவர் வாய்க்குப் போக வேண்டியது, போட்டு உடைக்க முடியாது.

"அப்புறம் எதுக்குய்யா முன்னாடி நிக்க வச்சீங்க? அவ அத்தை, சித்தப்பா, மூத்தவளோட மாமியார் வீடு, எல்லாரும் முதல் நாளே டிக்கெட் வாங்கியாச்சு. கண்ணு ஆபரேஷன் பண்ணின பெரியப்பா கட்டோட வரேன்னு நிக்கறாரு. இவங்க எல்லாம் உக்காந்து நொறுக்குத்தீனியைப் பிரிக்கறதுக்குள்ள என் பொண்ணு செத்துடுவாளா?… என்ன?… திரும்பி வருவாளா? செத்தவ எப்படித் திரும்பி வருவா?… ஓ, அந்த உலகத்துல வருவாங்க… அடுத்த பாகத்துல… அதை யாரு முடிவு பண்றது?… ம்… முதல் வாரம் நம்ம ஏரியாவுல கூட்டம் வந்தா… அதுக்குத்தான் இந்த வீடியோ… புரியுது, புரியுது, நல்லாவே புரியுது. நான் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு அழுதா என் பொண்ணு பொழைப்பா. இல்லைன்னா அப்படியே கிடப்பா. அதானே?… அந்தப் பக்கத்துப் போஸ்டர்ல ஒட்டின பொண்ணோட அம்மாவையும் கூப்பிட்டீங்களா?… நாளைக்குக் காலையில அவங்க, மத்தியானம் நானா… அவங்களும் சமையல்கட்டுதானா?… கரண்டியாவது வேற வேறயா, இல்ல அதுவும் ஒண்ணேதானா?"

அவன் என்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டே போனான். நல்ல, சுத்தமான, வீட்டில் பேசுகிற தமிழ். அதைக் கேட்கக் கேட்கத்தான் அவளுக்கு அடுத்த சந்தேகம் வந்தது.

"இருங்க, இருங்க. உங்களை எந்த வேலைக்கு எடுத்தாங்க தம்பி?… நம்ம ஜனங்ககிட்ட பேசறதுக்குன்னு… ம்… வேற எதுக்காவது கூப்பிடுவாங்களா? அந்த எட்டுப் பேருல நீங்க ஒருத்தரா?… ஹலோ?… ஹலோ, லைன்ல இருக்கீங்களா?… இல்ல, சும்மா கேட்டேன். உங்க தலையையும் அப்படித்தான் ஒட்டி வச்சிருக்காங்கன்னு தோணிச்சு, அதான்."

ஒரு கணம் அவனை நினைத்துக்கூட அவளுக்குப் பாவமாக இருந்தது. அவனும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைதான். அவன் மறுபடி ஆன்ட்டி என்று ஆரம்பித்ததும் அந்தப் பாவமும் போய்விட்டது.

"முடியாது. கரண்டியும் பிடிக்க மாட்டேன், காவல் தெய்வமும் சொல்ல மாட்டேன். உங்க பெரிய ஆளுங்ககிட்டயே சொல்லிடுங்க. என் பொண்ணை நான் மானத்தோட வளர்த்திருக்கேன். அவளோட உடம்புல இன்னொருத்தி தலையை வச்சது மட்டும் அவளுக்குத் தெரிஞ்சுது, உங்க கம்பெனி வாசல்லயே வந்து நின்னு… என்ன?… யாரு?… லைன்ல இன்னும் யாரு இருக்கா?… பாப்பா?… நீயாடி?"

அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. அண்ணன் எழுந்து, வாசல் பக்கம் வேலை இருப்பது போல நகர்ந்தார்.

"எப்பலேருந்து கேட்டுட்டு இருக்க?… முதல்லேருந்தா… எல்லாத்தையுமா… ஏண்டி, அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?… ம்… அவங்க சொன்னாங்களா, பேசாம இருன்னு… ம்… தலையை மாத்தினது… தெரியுமா… நீ ஒண்ணுமே கேக்கலையா?… ம்… ம்… இல்ல, திட்டல… நான் யாரைத் திட்டப் போறேன்… அழாத… பாப்பா, அழாத… தெரியும். நீ ஏறி இறங்காத வாசல் இல்ல, எனக்குத் தெரியாதா… இது போச்சுன்னா வேற எதுவும் இல்லைன்னு… ம்… சாப்பிட்டியா?… ஏன் சாப்பிடல?… சரி… சரி… சரிடா கண்ணு, அம்மா இருக்கேன்ல."

அவள் அங்கியின் கைப்பகுதியால் முகத்தைத் துடைத்தாள். அங்கியில் இருந்த அச்சுப்பொடி கண்ணில் பட்டு எரிந்தது. இவ்வளவு நேரம் துப்பியதை எல்லாம் இப்போது தானே விழுங்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனாலும் பேசினாள்.

"தம்பி, இருக்கீங்களா?… இருப்பீங்க, எங்க போவீங்க… நாளைக்கு மத்தியானம் ஆளை அனுப்புங்க… ஆமா… ஆமா, அந்தப் பூப்போட்ட துணியே உடுத்தறேன்… அந்த எட்டுப் பேரு எழுதினதையும் சொல்றேன்… கரண்டி எந்தக் கையில?… வலது கை. சரி… எந்த எடத்துல அழணும்? அதை மட்டும் சொல்லிடுங்க… என்ன?… எது மாதிரி?… இப்ப அழற மாதிரியேவா… இதே மாதிரி அழுதா போதுமா… வைடா போனை."

அவன் வைக்கவில்லை. அவளே வைத்தாள்.