துரை அனுப்புற பணம்

இல்ல, அந்த மூட்டை மேல உக்காராதீங்க ஐயா, அது இன்னும் துவைக்காதது. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. கொஞ்சம் ஆடும், ஆனா விழாது. என் தம்பி எங்கன்னுதானே கேட்டீங்க? வருவான். போன் போட்டிருக்கேன். துரை இப்பதான் எந்திரிக்கிறாரு. மணி பதினொண்ணுதானே ஆகுது.

துரைன்னா அது பேரு இல்லீங்க, எங்கம்மா குடுத்த பட்டம். எனக்கு ஏழு வருசம் கழிச்சுப் பொறந்தான். அன்னைலேருந்து அவன் துரை, நான் ஏய்.

சும்மா உக்கார்ந்திருக்கிற நேரத்துக்கு இந்த விரிப்போட முனையைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா? என் கூட மடிக்கிறவ இன்னைக்கு லீவு. ரெண்டு பேர் படுக்கிற கட்டில் விரிப்பு, ஒத்தை ஆளால ஆகாது. மேல ஓட்டல்ல இருநூறு ரூம் இருக்கு, சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் போயாகணும். அட, கூச்சப்படாதீங்க. இந்தக் கீழ்த்தளத்துக்கு எவனும் வர மாட்டான். சம்பந்தி ஆகப்போறவரு துணி மடிச்சாருன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ம், இழுத்துப் பிடிங்க. இப்ப என் பக்கம் வாங்க, முனையோட முனை சேருங்க. பரவாயில்லையே, வீட்டுல பழக்கம் உண்டோ? இல்லையா. அதானே பார்த்தேன்.

அம்மாவுக்கு ஒரு வாரமா போன்ல உங்க பேச்சுதான். பொண்ணோட அப்பா அங்க இருக்கிற அவரோட மூத்த மகன் வீட்டுக்கு வந்திருக்காரு, அப்படியே நம்ம துரையையும் ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போவாரு, நீ உன் வாயை அடக்கிக்கிட்டு ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லுன்னாங்க. சொல்றேன், கேட்டுக்கோங்க. குடிக்க மாட்டான். பீடி சிகரெட் கிடையாது. நல்லாத் தூங்குவான். ரெண்டு கேட்டாங்க, மூணாவே சொல்லிட்டேன்.

உங்ககிட்ட என்ன சொன்னாங்க? மாசம் அஞ்சாம் தேதியானா டாண்ணு பணம் வந்துடும்னா? அக்காக்காரி அனுப்புறதைப் போல ரெண்டு மடங்குன்னா? ஆமா, அதுல பொய் இல்ல. நானே பக்கத்துல நின்னு பார்க்குறேனே மாசாமாசம்.

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினாலு வருசம் ஆச்சு. முதல் சம்பளம் அனுப்பிட்டுப் போன் போட்டேன். வந்துச்சாம்மான்னா, மெதுவாப் பேசுடீங்குறாங்க. எதுக்குன்னா, பக்கத்து வீட்டுக்குக் கேக்குமாம். பொண்ணு காசுல உலை வைக்கிறான்னு சொல்லிடுவாங்களாம். பேங்குக்குக்கூட நேர் ரோட்டுல போக மாட்டாங்க, சுத்திக்கிட்டுதான் போவாங்க. காசு ஏதுன்னு யாராவது கேட்டா, செத்துப்போன எங்கப்பாவோட பென்ஷன்னு சொல்லி வச்சிருக்காங்க. எங்கப்பா மரத்தடியில உக்கார்ந்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினவருங்க! பஞ்சர் ஒட்டினவனுக்கு எந்தக் கவர்மெண்டுங்க பென்ஷன் குடுக்குது? தெருவும் ஆமா ஆமான்னு தலையாட்டிருக்கு பாருங்க. மக அனுப்புறான்னு நம்புறதைவிட அதை நம்புறது லேசா இருந்திருக்கு.

அடுத்ததை எடுங்க. அது இல்ல, வெள்ளை.

அப்புறம் அம்மாவோட கண்ணு. ரெண்டுலயும் புரை. சோத்துல கிடக்குற எறும்பு தெரியாது, வாசல்ல நிக்குற ஆள் தெரியாது. ஆபரேஷனுக்குன்னு தனியா அனுப்பினேன். ஒரு வருசம் அப்படியே வச்சிருந்தாங்க. ஏம்மான்னு கேட்டா, சோறுன்னா உள்ள போயிடும், யாருக்கும் தெரியாது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்தா யாரு செலவுன்னு கேக்க மாட்டாங்களா, மக சம்பாத்தியத்துல கண்ணைத் திறந்து நான் யாரு முகத்துல முழிக்கிறதுங்குறாங்க. பார்வையே போனாலும் போகட்டுமாம், பேரு போகக்கூடாதாம்.

அந்தச் சமயத்துலதான் இவனை இங்க கூட்டிட்டு வந்தேன். டிக்கெட், விசா, போட்டுக்க ரெண்டு பேண்ட்டு, எல்லாம் நான்தான். வந்த ரெண்டாம் மாசம் துரை அனுப்பினதுன்னு ஒரு தொகை போய்ச் சேர்ந்துச்சு. அடேயப்பா! தெரு முழுக்கச் சாக்லேட் குடுத்தாங்களாம். நேர் ரோட்டுல பேங்குக்குப் போனாங்களாம். அந்த வாரமே ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துட்டாங்க. கட்டுப் பிரிச்சதும் முதல் போன் எனக்கு. பார்த்தியாடி, எம்புள்ள எனக்குக் கண்ணு குடுத்துட்டான்னு அழுறாங்க. இதோ, இந்தத் துணி தேய்க்கிற ரோலர் பக்கத்துல நின்னுதான் கேட்டேன். சந்தோசம்மான்னேன். வேற என்ன சொல்றது?

இப்ப மாடி கட்டியாச்சு. வாசல்ல கல்லுல செதுக்கி வச்சிருக்காங்க, துரை இல்லம்னு. பார்த்துட்டுத்தானே வந்தீங்க? எனக்கு அதுல ஒரு ரூம் உண்டாம்மான்னு கேட்டேன். கட்டிக்கிட்டுப் போறவளுக்கு ரூம் எதுக்குன்னாங்க. எனக்கு நாப்பத்தொண்ணு ஆகுதுங்க. வரன் வந்தப்ப எல்லாம் தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்னு சொல்லித் திருப்பி அனுப்பினதும் அவங்கதான்.

என்ன கேட்டீங்க? எந்தக் கம்பெனியா? இப்போதைக்கு எதுவும் இல்லைங்க. முதல்ல ஒரு குடோன்ல சேர்த்துவிட்டேன். மூணே வாரம். சூப்பர்வைசர் மரியாதையில்லாமப் பேசுறானாம். அப்புறம் ஒரு கடை. அங்க நிக்க வைக்கிறாங்களாம், கால் வலிக்குதாம். இப்படியே மூணு வருசம் ஓடிருச்சு.

ஐயய்யோ, முனையை விட்டுட்டீங்களே! தரையில பட்டா மறுபடி துவைக்கணும். குடுங்க இப்படி.

பணமா? அது நான் போடுறதுதான். இங்க முடிச்சிட்டு நாலு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரியில தரை துடைக்கப் போறேன். அந்தச் சம்பளம் அவன் பேர்ல போகுது. முதல்ல ரெண்டு பேர் பேர்லயும் ஒரே அளவாத்தான் அனுப்பிக்கிட்டிருந்தேன். அதெப்படி, ஆம்பளைக்கும் உனக்கும் ஒரே சம்பளம், எம்புள்ளைய எவனோ ஏமாத்துறான்னு அம்மா ஒப்பாரி வைக்கவும், என்னுதைக் குறைச்சு அவனுதைக் கூட்டினேன். உடனே என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. உனக்கு ஏன்டி குறைஞ்சுச்சு, ஊதாரித்தனம் பண்றியான்னு.

சொல்லிடலாம்தான். சொன்னா அந்தக் கண்ணைப் பிடுங்கிக் குடுத்துருவாங்களோன்னு பயம்.

உங்க பொண்ணு நர்சாமே? அதுக்கு மாசம் என்ன வரும்னு அம்மாதான் முதல்ல சொன்னாங்க, பேரைக்கூட அப்புறம்தான் சொன்னாங்க. தாராளமாக் கட்டி வைங்க. எனக்கு நல்லதுதான். அது வந்துட்டா துரை பேர்ல அதுவே போட்டுரும், நான் தரை துடைக்கிறதை விட்டுட்டுச் சாயங்காலம் கொஞ்சம் காலை நீட்டுவேன்.

என்ன, கிளம்பிட்டீங்க? இருங்க, அவன் வந்துருவான். வேணாமா? அப்ப இந்தப் பக்கமாப் போங்க, சரக்கு இறக்குற கதவு திறந்துதான் இருக்கு.

கேக்கணும்னு நினைச்சேன், உங்களை இவ்வளவு தூரம் டிக்கெட் போட்டுப் பிளேன் ஏத்திவிட்டது யாரு? மகனா?

ஓ. பொண்ணா.

சரி, ஊர்ல யாரு போட்ட டிக்கெட்டுன்னு சொல்லிட்டு வந்தீங்க?