கேம்ப் கலைந்த விவரம்

என் பெயர் கன்னையன். வயது 39. தகப்பனார் பெயர் சுப்பண்ணன், காலமாகிவிட்டார். அவிநாசியில் தேர் நிற்கும் இடத்துக்கு அடுத்த வீதியில் குடியிருந்துகொண்டு, அதே வீதியில் வீடியோ கடை வைத்து, கல்யாணம், காதுகுத்து, சீர் ஆகியவற்றுக்குப் படம் எடுத்துப் பிழைத்து வருகிறேன். என் மீது இதுவரை எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கிடையாது. இப்போது புகார் கொடுத்திருக்கும் ஞானசம்பந்தம் என்பவர் ஊத்துக்குளி ரோட்டில் உள்ள ஒரு நூல் மில்லின் மேனேஜர். நான் மில்லுக்குள் அத்துமீறி நுழைந்த வெளியாள் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாளும் வீடியோ எடுத்தவன் நான். அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தவருக்கு இன்றைக்கு நான் வெளியாள் ஆகிவிட்டேன்.

சென்ற நவம்பர் கடைசியில் நிஷா புயல் அடித்து, நாகப்பட்டினம் பக்கம் ஊர் ஊராகத் தண்ணீரில் நின்ற சமயம், மேற்படி ஞானசம்பந்தம் என் கடைக்கு வந்தார். மில் முதலாளிக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனியும் இருக்கிறது. கம்பெனி சார்பில் ஒரு லாரி துணி புயல் அடித்த ஊருக்குப் போகிறது என்றும், கூடவே போய்ப் படம் எடுக்க வேண்டும் என்றும், பிறகு இன்னொரு தரம் போய் அந்த ஊர் எப்படி எழுந்து நிற்கிறது என்பதையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்க வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். டிசம்பர் முதல் வாரத்தில் லாரிக்குப் பின்னால் ஒரு சுமோவில் அவரும் நானும் டிரைவரும் புறப்பட்டு, வேதாரண்யத்தை அடுத்த கருப்பங்காடு என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த ஊரில் அப்போது கூரை என்று சொல்ல எதுவும் இல்லை. மண் சுவர்கள் கரைந்து மேடு மேடாகக் கிடந்தன. வயலில் நின்ற தண்ணீரில் தென்னை மரங்கள் குப்புற விழுந்திருந்தன. செத்த மாடு ஒன்றை எடுக்க ஆள் இல்லாமல் ரோட்டோரம் போட்டிருந்தார்கள். ஊர் ஜனம் மொத்தமும் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் வைத்த முகாமில் இருந்தது. அதை அவர்கள் கேம்ப் என்று சொன்னார்கள். அங்கே லாரியைத் திறந்தார்கள். வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று திருப்பிய சரக்கு அது. பனி பெய்கிற தேசத்துக்குத் தைத்த, தலைக்குக் குல்லா வைத்த தடிச்சட்டை. முழங்கால் தண்ணீரில் வியர்த்து நிற்கும் ஜனத்துக்கு அதைக் கொடுத்து, போட்டுக்கொண்டு சிரிக்கச் சொல்லி ஞானசம்பந்தம் என்னைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். சட்டைக்குள் அவர்கள் முகத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு ஞானசம்பந்தம் பள்ளிக்கூடத்து மைக்கை வாங்கி, "வயசுப் புள்ளைங்களை வெச்சுக்கிட்டு இங்க சிரமப்படாதீங்க. எங்க கேம்ப்புக்கு அனுப்பி வைங்க. மூணு வேளைச் சோறு, பாத்ரூம், காவலுக்கு வாட்ச்மேன், அல்லாமே இருக்குதுங்க" என்று பேசினார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில், சோமனூரிலிருந்து ஊத்துக்குளி வரை யாரைக் கேட்டாலும், கேம்ப் என்றால் மில் சுவருக்குள்ளேயே பெண்பிள்ளைகளைத் தங்க வைத்து, மூன்று வருடம் வெளியே விடாமல் ஷிப்ட் வேலை வாங்கும் இடம். பால்காரனுக்குக்கூட அது தெரியும். கருப்பங்காட்டு ஜனத்துக்குத் தெரிந்த கேம்ப் வேறு. தண்ணீர் ஏறினால் போய் உட்காருவார்கள், சோறு போடுவார்கள், தண்ணீர் வடிந்தால் ஆர்.ஐ. என்கிற வருவாய் அதிகாரி வந்து கலைத்துவிடுவார், வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சொன்னவர் ஒரு கேம்ப்பைச் சொன்னார், கேட்டவர்கள் வேறு கேம்ப்பைக் கேட்டார்கள். நடுவில் கேமராவோடு நின்ற நான் வெளிச்சம் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அஞ்சம்மாள் என்ற பெண் தன் மகள் மலர்க்கொடியைக் கூட்டிக்கொண்டு முன்னே வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவள். கையில் உரச் சாக்கில் தைத்த பை, அதில் பாடப் புத்தகங்கள். "இந்த கேம்ப்புல பொம்பளப் புள்ள ஒதுங்க ஒரு மறைப்பு இல்லீங்கய்யா. உங்க கேம்ப்புக்கே அழைச்சிக்கிட்டுப் போங்க. தண்ணி வடிஞ்சதும் நான் வந்து அழைச்சிக்கிறேன்" என்றார். அதற்கு ஞானசம்பந்தம், "தாராளமா வாங்கம்மா" என்று கும்பிட்டார். தண்ணீர் வடிந்ததும் என்ற வார்த்தை அவர் காதில் விழவில்லை என்று இப்போது சொல்கிறாராம். அவர் தலையாட்டுவது என் படத்தில் இருக்கிறது. மலர்க்கொடியையும் அதே ஊரைச் சேர்ந்த இன்னும் சில பெண்பிள்ளைகளையும் வேன் பிடித்து மில்லுக்கு அனுப்பினார்கள். புத்தகப் பையைக் கொண்டு வந்த பிள்ளையைப் பார்த்து அவர் சிரித்ததும் படத்தில் இருக்கிறது.

அதன் பிறகு இந்த பிப்ரவரி மாதத்தில், ஊர் எழுந்து நிற்பதை எடுப்பதற்காக, நானும் டிரைவரும் மட்டும் மறுபடி கருப்பங்காட்டுக்குப் போனோம். ஊர் எழுந்துதான் இருந்தது. அதில் எங்கள் லாரிக்குப் பங்கு எதுவும் இல்லை. விழுந்த தென்னையின் ஓலையை முடைந்தே கூரை போட்டிருந்தார்கள். குல்லாச் சட்டையைக் கிழித்து மாட்டுக்குக் கயிறு திரித்திருந்தார்கள், இன்னொரு வீட்டில் அது கோழிக்கூண்டுக்கு மறைப்பாக இருந்தது. வயலில் உளுந்து பச்சை பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. எல்லாவற்றையும் எடுத்தேன். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அஞ்சம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, புதுக் கூரைக்கு முன்னால் நின்று, நான் கேமராவைத் திருப்பியதும், "எங்க கேம்ப்பை ஆர்.ஐ. வந்து மைக்குல சொல்லி பொங்கலுக்கு முன்னாடியே கலைச்சுட்டாருங்க. உங்க கேம்ப்பை இன்னும் கலைக்கலையா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேம்ப்பை எதுக்குங்க கலைக்கோணும்? மில்லு ஓடற வரைக்கும் கேம்ப் இருக்குமுங்க" என்றேன்.

"மில்லா? என்ன மில்லு?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். அவர் திகைத்துப்போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வாரத்துக்கு ஒருநாள் போனில் மகள் பேசினாளாம், "நல்லா இருக்கேம்மா" என்று மட்டும் சொல்வாளாம். பக்கத்தில் வார்டன் நின்றால் பிள்ளை வேறென்ன சொல்லும். இவர் நேரில் வருவதாகச் சொல்லி, மகள் பேசிய நம்பருக்குப் போன் போட்டபோதெல்லாம், நாங்களே கொண்டு வந்து விடுகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. மார்ச் முதல் வாரத்தில் மகளுக்கு அரசுப் பரீட்சை, ஹால் டிக்கெட்டைத் தலைமையாசிரியர் வாங்கி வைத்திருக்கிறார், வீட்டில் மேசை இல்லாததால் படிப்பதற்கு என்று மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு வைத்திருக்கிறார் அஞ்சம்மாள். அதையும் எடுத்தேன். அதன் பிறகு அவரை எங்கள் வண்டியிலேயே ஏற்றி அவிநாசிக்குக் கூட்டி வந்து, என் வீட்டில் தங்க வைத்தேன்.

மறுநாள் அவரை மில்லுக்கு அழைத்துப் போனேன். ஞானசம்பந்தம் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, "மூணு வருசத்துக்கு ஒத்துக்கிட்டு அனுப்பிப் போட்டு, இப்ப வந்து கேட்டா எப்படிங்க? புள்ளை நல்லா ஓட்டப் பழகிடுச்சு, ஆளில்லாம மிசினை நிறுத்த முடியாதுங்க" என்றார். அஞ்சம்மாள், "கேம்ப்புன்னுதானேங்கய்யா சொன்னீங்க?" என்றார். "ஆமாங்க, கேம்ப்புதான். இல்லீன்னு சொன்னனுங்களா?" என்றார் ஞானசம்பந்தம். பிறகு என்னைப் பார்த்து, "படம் புடிக்கறதோட நிறுத்திக்குங்க கண்ணு. மத்ததெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?" என்றார். எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் ங்க போட்டுத்தான் தள்ளுவார்கள். முதலில் நடந்தது வார்த்தைக் குழப்பம் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. தெரிந்த பிறகும் அந்த வார்த்தைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாரே, அதற்குத்தான் ஆத்திரம். நான் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டு ஐயா இந்த இடத்தில் மனவருத்தம் என்று எழுதினார். ஆத்திரம் என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்.

நேற்று வெள்ளிக்கிழமை மாலை, மில் சாப்பாட்டுக் கூடத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டும் நிகழ்ச்சி நடந்தது. என்னை வரச் சொன்னதும் திரை கட்டச் சொன்னதும் ஞானசம்பந்தம்தான். படத்தை முன்கூட்டிப் போட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். நீளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு, சமோசா வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். அஞ்சம்மாளைக் கேட்டுக்குள் விடவில்லை. அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளிய மரத்தடியில் நின்றார். கேம்ப் பிள்ளைகளைப் பின்வரிசையில் கைதட்டுவதற்காக உட்கார வைத்திருந்தார்கள். ஒரே மாதிரி நீலக் கோட்டு. தலையில் பஞ்சு.

படம் ஓடியது. தண்ணீர் வந்தது, குல்லாச் சட்டை வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு புதுக் கூரையும் உளுந்தும் வந்தன. அதன் பிறகு அஞ்சம்மாள் திரையில் வந்து, உங்க கேம்ப்பை இன்னும் கலைக்கலையா என்று கேட்டார். பின்வரிசையில் மலர்க்கொடி எழுந்து நின்றாள். வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் அந்த அம்மாள் என்ன கேட்கிறார் என்று ஞானசம்பந்தத்திடம் கேட்டார். எனக்கு இங்கிலீஷ் பேச வராது, கேட்டால் புரியும். தன் இன்னொரு மகளையும் நம் கேம்ப்பில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று அந்த அம்மாள் கேட்கிறார் என்றார் ஞானசம்பந்தம். அந்த வெளிநாட்டுப் பெண்மணி நெஞ்சில் கை வைத்து உருகினார்.

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஷிப்ட் மாறுவது, சாப்பாட்டுக்கு வருவது எல்லாமே அந்த மில்லில் மைக்கில் சொல்லித்தான் நடக்கும், மைக் என் பக்கத்து மேசையில் இருந்தது. அதை எடுத்து, "கேம்ப்பைக் கலைச்சாச்சுங்க. அல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குப் போலாமுங்க" என்று சொன்னேன். சொன்னது இவ்வளவுதான். யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, கடத்தவில்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கருப்பங்காட்டுப் பிள்ளைகளுக்கு அது தெரிந்த வார்த்தை. ஒரு கேள்வி கேட்காமல் எழுந்து, ரூமுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, புயல் முகாமிலிருந்து போவது போலவே வரிசையாக நடந்து கேட்டுக்கு வந்தார்கள். வாட்ச்மேன் ராக்கையா தென்மாவட்டத்துக்காரர். அவர் கேட்டைத் திறந்துவிட்டார். பிற்பாடு ஞானசம்பந்தம் அவரைப் பிடித்து உலுக்கியபோது, "மைக்குல சொன்னா ஆபீஸ் சொன்ன மாதிரிதானய்யா?" என்று கேட்டார். அவர் மீது ஒரு தப்பும் இல்லை. அவரை இந்த வழக்கில் சேர்க்கக் கூடாது.

அதன் பிறகு ஞானசம்பந்தம் என் சட்டைக் காலரைப் பிடித்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அதில் அவர் கைக்கடிகாரம் விழுந்து உடைந்தது உண்மை. அதற்கு நான் வருத்தப்படவில்லை. மற்ற கருப்பங்காட்டுப் பிள்ளைகள் ஈரோடு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். கேட்டு வாசலில் அஞ்சம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. "புஸ்தகம் எங்கடி?" என்றுதான் கேட்டார். ஸ்டோரில் பூட்டி வைத்திருப்பதாக மகள் சொன்னாள். ராக்கையா போய் அந்த உரச் சாக்குப் பையைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். மில் பொருள் திருடு போனதாகப் புகாரில் எழுதியிருப்பது அந்தப் பைதான்.

என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தபோது, சாட்சி சொல்லாமல் போக மாட்டேன் என்று அஞ்சம்மாளும் மகளோடு கூடவே வந்துவிட்டார். ராத்திரி முழுக்க மூவரும் இங்கேதான் இருந்தோம். நான் பொய்யாக அறிவித்தேன் என்று எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஞானசம்பந்தம் இப்போது சொல்லி அனுப்பியிருக்கிறார். எழுத மாட்டேன். தண்ணீர் வடிந்ததை நான் நேரில் பார்த்தேன், படமும் எடுத்தேன்.

சற்று முன்பு அவரே இங்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மலர்க்கொடியிடம், "ஷிப்டுக்கு நேரமாச்சுல்லோ, வா கண்ணு" என்று கூப்பிட்டார். அவள் மடியில் விரித்திருந்த தமிழ்ப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "கேம்ப்பைக் கலைச்சாச்சு சார்" என்றாள். திங்கட்கிழமை அவளுக்குத் தமிழ் முதல் தாள். என்னை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் இருவரையும் இன்று மதியப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏட்டு ஐயா முழுவதையும் வாசிக்கக் கேட்டேன். கேம்ப் என்று நான் சொன்ன இடமெல்லாம் விடுதி என்று மாற்றாமல் கேம்ப் என்றே இருக்கிறது. நான் சொன்னதும் நடந்ததும் இதுவே என்பதற்கு என் கையெழுத்து.

சு. கன்னையன்